ஓடும் நிலையில்

பழைய பொருளை விற்கிறவன் அதன் குறையை எவ்வளவு தூரம் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற கேள்வி வியாபாரிகளுக்கு மட்டும் உரியதாக எனக்குப் படவில்லை. ஒன்றைப் பார்த்தவன், அதைப் பார்க்காதவனிடம் அதைப் பற்றிச் சொல்ல நேரும் எல்லா இடங்களிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. புத்தக விமர்சனமும் அப்படி ஓர் இடம்தான். ஆனால் முதலில் கைக்கடிகாரங்களைப் பற்றிப் பேசிவிடலாம். ஸ்தூலமான பொருளை முன்னால் வைத்துக்கொண்டு பேசும்போது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சற்றுக் கடினம்.

எச்.எம்.டி. ஸ்தாபனம் 1961-இல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் 'ஜனதா', சாவி கொடுத்தால் ஓடுவது. நாகர்கோவில் பக்கத்தில் மாப்பிள்ளைகளும் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் ஒரு தலைமுறைக்காலம் எச்.எம்.டி.யைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1984-இல் டைட்டன் தொடங்கியது, குவார்ட்ஸ் பரவியது, சாவிக் கடிகாரங்கள் மேஜை டிராயருக்குப் போயின. 2016-இல் எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவு செய்தது. அதன் பிறகுதான் பலருக்கு அவற்றின்மேல் புதிதாகப் பிரியம் வந்தது. டிராயரில் கிடந்தவை இணையத்தில் விலைக்கு வந்தன. நான் அவற்றை வாங்குவதைவிட அதிகமாக, விற்கிறவர்கள் எழுதும் வாசகங்களைப் படிக்கிறேன்.

அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு சொற்கள்: நல்ல கண்டிஷன், ஒரிஜினல், சர்வீஸ் செய்தது, ஓடும் நிலையில். இவற்றில் எதையும் பொய் என்று நிரூபித்துவிட முடியாது. 'ஓடும் நிலையில்' என்பது படம் பிடித்த பத்து வினாடிக்கும் உண்மை. நாளுக்கு இருபது நிமிஷம் பிந்தினாலும் உண்மை. 'சர்வீஸ் செய்தது' என்று சொல்கிறவன், யார் செய்தார், எந்த வருஷம், எதை மாற்றினார் என்று சொல்வதில்லை. 'நல்ல கண்டிஷன்' ஒரு தீர்ப்பு. தீர்ப்பு மட்டும் நமக்குக் கிடைக்கிறது, சாட்சியம் கிடைப்பதில்லை.

வடசேரிச் சந்தையில் இந்தப் பிரச்னை இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கலாம். தேங்காயைக் காதருகில் ஆட்டிப் பார்க்கலாம். மாடு வாங்குகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். விற்கிறவன் வாய் திறக்காமல் நின்றாலும் அவனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டோம். வாங்குகிறவனின் கை அங்கே இருக்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் இந்தக் கைக்கு மரியாதை தருகிறது. வாங்குகிறவன் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவன் பின்னால் விற்றவனைப் பிடிக்க முடியாது என்கிறது பதினாறாவது பிரிவு. ஆனால் வர்ணனையை நம்பி வாங்கியிருந்தால் சரக்கு வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது பதினைந்தாவது பிரிவு. கை எட்டாத இடத்தில் சொல் அதன் பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. இணையத்தில் விற்கிறவன் சந்தையின் மௌனத்தைக் கொண்டுவந்து இங்கே வைத்துக்கொள்ள முடியாது. அந்த மௌனத்தை நியாயப்படுத்திய கை இங்கே இல்லை.

இந்த வாதம் பழையது. ரோமாபுரியின் சிஸரோ கி.மு. 44-இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், குறையுள்ள வீட்டை விற்கிறவன் அந்தக் குறையைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டு, இரண்டு ஸ்டோயிக் ஞானிகளை எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனிய டயோஜனிஸ், பொய் சொல்லாதவரை குற்றமில்லை, சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல என்கிறார். ஆன்டிபேட்டர், தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதைப் போன்றது என்கிறார். சிஸரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் நம்முடைய மரபு இதை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது என்பது என் எண்ணம். வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தன் குறளை வாய்மை அதிகாரத்தில் வைக்கவில்லை. நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்தார். வியாபாரியிடம் அவர் எதிர்பார்ப்பது பொய் சொல்லாத நாக்கை மட்டுமல்ல, தன் பொருளுக்கும் பிறர் பொருளுக்கும் நடுவில் நிற்கக்கூடிய மனசை. தன் கடிகாரத்தை வாங்குகிறவனின் கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார். இது நீதிபதியிடமும் விமர்சகனிடமும் கேட்கப்படும் குணம்.

'ஒரிஜினல்' என்ற சொல் இதைவிடச் சிக்கலானது. இந்தியாவிலிருந்து போகும் பழைய கடிகாரங்களில் பலவற்றின் டயலுக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறது; முள் ஒன்றிலிருந்தும் கூடு இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேலியில் முழுச் சம்மதம் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம். கோபுரத்துச் சுதை உருவங்களுக்குக் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வர்ணம் அடிக்கிறோம். புதுப்பித்தல் நமக்கு மோசடி அல்ல, பராமரிப்பு. மங்கின டயலில் மெல்லிய எழுத்துக்களைத் திரும்ப எழுதுகிறவனின் கைத்திறன் லேசானதும் அல்ல. அந்த மனநிலையில் ஒருவன் 'ஒரிஜினல்' என்று எழுதும்போது, உள்ளே ஓடுவது எச்.எம்.டி. இயந்திரம்தான், போலி அல்ல என்று மட்டுமே அவன் நினைத்திருக்கலாம். வாங்குகிறவனோ ஆலையை விட்டு வந்த நாள் முதல் யாரும் தொடாதது என்று புரிந்துகொள்கிறான். இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு உலகங்களில் இருக்கிறார்கள். இங்கே மனச்சாட்சி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. கேட்கிறவன் காதில் அந்தச் சொல் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வதும் நேர்மையின் பகுதி. 'டயலுக்குப் புது வர்ணம்' என்று மூன்று சொல் சேர்த்துவிட்டால் புதுப்பித்தவனுக்கும் அவமானமில்லை, வாங்குகிறவனுக்கும் ஏமாற்றமில்லை.

தேய்மானத்தை மறைக்க வேண்டிய அழுக்காக நினைப்பதுதான் அடிப்படைத் தவறு என்று தோன்றுகிறது. காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரிக்கிறவர்கள் மேல்நாட்டில் உண்டு. 1980-இல் வந்த 'பாக்-மேன்' பெட்டிகள் சிலவற்றில், ஒரே சித்திரத்தை வருஷக்கணக்காகக் காட்டிக் காட்டி, அந்தப் புதிர்ப்பாதை திரைக்குழாயின் உட்பூச்சில் பதிந்துபோயிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் மங்கலாகத் தெரியும். அது குறைதான். அதே சமயம் அந்தப் பெட்டி வாழ்ந்த வாழ்க்கையும் அதுதான். அதைச் சொல்லாமல் விடுகிறவன் வாங்குகிறவனுக்கு மட்டும் துரோகம் செய்வதில்லை. பொருளையே அவன் சரியாகப் பார்க்கவில்லை.

குறையைச் சொன்னால் விலை விழும் என்பது நிஜமான ஆட்சேபணை. சில நூறு ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிதாக இருக்கலாம். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய வாங்குகிறவனுக்கு வழி இல்லையென்றால், எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல பொருள் வைத்திருப்பவன் சந்தையை விட்டுப் போய்விடுவான். கெட்டது மட்டும் மிஞ்சும்.

இதை நம் சூழலுக்கு மாற்றிப் பார்க்க அதிக யோசனை தேவையில்லை. இருநூறு பேர் படிக்கிற கவிதைத் தொகுப்புக்கு எழுதப்படும் முன்னுரைகளில் 'முக்கியமான குரல்', 'நம்பிக்கை தரும் வரவு' என்ற வாசகங்கள் 'நல்ல கண்டிஷன்' என்பதிலிருந்து எந்த விதத்தில் வேறானவை? எல்லாத் தொகுப்பும் முக்கியமான குரல் என்றால் வாசகன் எல்லாவற்றுக்கும் சராசரி மதிப்பே தருகிறான். நஷ்டம் நிஜமாகவே முக்கியமான குரலுக்கு. நண்பனைப் புண்படுத்தக் கூடாது என்ற தாட்சண்யம், நமக்கு நண்பர்களாக இல்லாத நல்ல கவிஞர்களிடமிருந்து எடுத்துக்கொடுக்கப்படும் காசு.

நான் வேலை பார்ப்பது வங்கியில். நகைக் கடன் நாட்களில் மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் உரசிப் பார்த்து, மொத்த எடை எவ்வளவு, கல்லுக்கும் அரக்குக்கும் அழுக்குக்கும் எவ்வளவு கழிவு, நிகர எடை எவ்வளவு என்று எழுதுவார். சங்கிலி அழகாக இருக்கிறது என்று எழுதுவதில்லை. கழிவைப் பார்த்து எந்த அம்மாளும் தன்னை அவமானப்படுத்திவிட்டதாக நினைத்து நான் பார்த்ததில்லை. கழித்தது போக மிஞ்சுவது தங்கம் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார் அல்லவா, அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

கடிகாரம் விற்கிறவனிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: என்ன பார்த்தாய், எதை மாற்றினாய், எதைப் பார்க்கவில்லை. மூன்றாவதுதான் கடினம். 'பின்மூடியைத் திறந்து பார்க்கவில்லை' என்று எழுதியிருந்த ஒரு விளம்பரத்தை ஒரே ஒரு முறை படித்திருக்கிறேன். 'இந்தத் தொகுப்பில் பாதிக் கவிதைகள் எனக்கு விளங்கவில்லை' என்று எழுதிய முன்னுரையை இதுவரை படித்ததில்லை.