வண்டியோடு சேர்த்துக் கொடுக்காத ஒன்று

புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் அதே எலுமிச்சைக்கு வேறொரு பொருள் உண்டு. வெளியே பளபளவென்று இருந்து, வாங்கிய பிறகு வேலையைக் காட்டும் காரை அங்கே 'லெமன்' என்பார்கள். 2024 தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் ஒருவருக்கு விற்ற கார் இந்த இரண்டாவது வகை. அவர்கள் கையில் நாலு எலுமிச்சம்பழத்தை வாங்கிக் கொடுத்து வழியனுப்பியதும் நான்தான்.

கதையை ஒரு வருஷம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அப்போது வேளச்சேரியில் குடியிருந்தேன். முதல் மாடியில் வீடு, கீழே பார்க்கிங். இரவு தண்ணீர் ஏறியபோது கரண்ட் இல்லை, தெருவும் இல்லை. படிக்கட்டில் நின்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் நின்ற என் வண்டி திடீரென்று தானாகவே இண்டிகேட்டர் போட ஆரம்பித்தது. ஆளில்லாத கார், எங்கேயோ திரும்பப் போவதுபோலக் கொஞ்ச நேரம் கண்ணடித்துவிட்டு அணைந்துபோனது. இரண்டு நாள் கழித்து தண்ணீர் வடிந்தபோது சீட்டின் மேல் ஒரு பழுப்புக் கோடு இருந்தது.

ஒரு நல்ல காரியம் செய்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. விளைவு, கனெக்டிங் ராடு வளையும். அதுவரைக்கும் தெரிந்திருந்த எனக்கு, இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. பழைய வண்டிதானே என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தேன். அது வெள்ளத்துக்கு ஒரு பைசா தராது. தெரிந்த மெக்கானிக் அண்ணாவிடம் விட்டு, 62,000 ரூபாய் செலவில் வண்டி திரும்பி வந்தது. ஏர்பேக் விளக்கு மட்டும் கொஞ்ச நாள் எரிந்தது. அவர் ஏதோ கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார், அணைந்துவிட்டது. "ஓடுற வரைக்கும் ஓட்டு தம்பி. ஆனா இன்னொரு தடவை தண்ணி பட்டா தாங்காது" என்றார்.

க்ளெய்ம் போடாததில் இன்னொரு விளைவு இருந்தது. இந்த வண்டி மூழ்கியதற்கு எங்கேயும் ஒரு காகிதம்கூட இல்லை. எனக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும்தான் தெரியும்.

2024 அக்டோபரில் கனமழை என்று எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று என்னுடையது. பாலத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வரும்போது முடிவு செய்தேன்: வீட்டையும் மாற்ற வேண்டும், வண்டியையும் விற்க வேண்டும். புது வீட்டுக்கு அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். கையில் இல்லை.

*

வாங்க வந்தவர்கள் அப்பாவும் மகனும். முடிச்சூர் பக்கம் வீடு. அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுக்க அரசாங்கத்தின் வண்டியை ஓட்டியவருக்கு முதல் சொந்த வண்டி இது. மகனின் சேமிப்பும், அவருக்கு வந்த ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கும். ரொம்ப நிதானமாகப் பார்த்தார். பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். நூறடி சாலையில் ஓட்டிப்போய் பிரேக் பிடித்துப் பார்த்தார். சீட் பெல்ட்டை மட்டும் முழுசாக வெளியே இழுத்துப் பார்க்கவில்லை.

மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க அதுதான் எளிய வழி. பெல்ட்டின் உள்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, சேற்றுக் கறை அங்கே அப்படியே இருக்கும். அதேபோல் தரை கார்ப்பெட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில், சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு. இதெல்லாம் வாங்குகிறவர்களுக்காக எடுக்கப்பட்ட வீடியோக்களில் இருக்கிறது. நானும் பார்த்தேன், விற்கிறவனாக. பார்த்துவிட்டு, பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து ஷாம்பூ போட்டுத் தேய்த்தேன்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வேற ஏதாவது இருக்கா தம்பி, வண்டியில?"

"நல்லா ஓடுது ஐயா" என்றேன்.

அது பொய்யில்லை. அதுதான் பிரச்சினை. 2,85,000 ரூபாய்க்கு முடிந்தது. ஃபார்ம் 29, ஃபார்ம் 30, கையெழுத்து, ஸ்பேர் சாவி, எலுமிச்சம்பழம்.

*

அடுத்த சில நாட்கள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். நல்ல வக்கீல்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதற்குச் சட்டமே உதாரணமும் தருகிறது. ஒருவன் தன் குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தே அதை ஏலத்தில் விற்கிறான், குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இது மோசடி இல்லை. குதிரையின் இடத்தில் என் காரை வைத்துப் பார்த்தேன், கனகச்சிதமாகப் பொருந்தியது.

வம்பு என்னவென்றால் உதாரணம் அதோடு நிற்கவில்லை. வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால் அவன் சொல்லியாக வேண்டும் என்கிறது அடுத்தது. அதற்கடுத்தது இன்னும் மோசம். 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவர் சொல்லி, விற்கிறவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அந்த ஐயா கேட்டது கிட்டத்தட்ட அதுதானே. குதிரைகள் ஓடிய காலத்தில் எழுதிய சட்டம், பார்க்கிங்கில் நின்ற என்னை விரல் நீட்டிக் காட்டியது.

இந்தக் கேள்வி சட்டத்தைவிடப் பழசு. கி.மு. 44இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகளின் வாதம் வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? அதே நூலில் இன்னொரு கேள்வி: நோய் தரும் வீடு, படுக்கையறையில் பாம்பு வரும், மரம் உளுத்துப்போயிருக்கிறது, விற்கிறவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா?

பாபிலோனைச் சேர்ந்த டயோஜனிஸ், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்றார். மறைப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு. வீட்டை வாங்கச் சொல்லி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே. அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வழி தெரியாமல் கேட்பவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே தப்பு, தெரிந்தே ஒருவனைக் குழியில் விழவிடுவது அதைவிடப் பெரிய தப்பு இல்லையா என்றார். சிசரோ மாணவர் பக்கம் சாய்ந்தார். அவர் சொன்ன காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது: எல்லா மௌனமும் மறைப்பு இல்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று, உன் லாபத்துக்காக நீ விரும்பினால், அது மறைப்பு.

விரும்பினேனா? இதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. நான் சீட் பெல்ட்டை இரண்டு முறை கழுவியிருக்கிறேன். முதல் முறை 2023 டிசம்பரில், நாற்றம் தாங்காமல். அப்போது பாதிதான் இழுத்துக் கழுவினேன். இரண்டாவது முறை விற்பதற்கு முந்தைய நாள், உள்ளே ஒளிந்திருந்த கடைசி ஒரு முழம் வரைக்கும். அதே கை, அதே ஷாம்பூ. முதலில் செய்தது சுத்தம், இரண்டாவது செய்தது வேறு. வாய் திறக்காமலே ஒருவன் பொய் சொல்ல முடியும் என்பதை அந்த ஒரு முழத்தில் கற்றுக்கொண்டேன்.

சரி, ஊரே இப்படித்தானே விற்கிறது? மீட்டரைக் குறைக்கிறார்கள், டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்து 'ஆக்சிடென்ட் ஆகாத வண்டி' என்கிறார்கள். நான் மட்டும் அரிச்சந்திரனா? இந்த வாதத்துக்கு ஒரு பொருளாதார அறிஞர் பதில் எழுதியிருக்கிறார். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் செகண்ட் ஹேண்ட் கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே 'லெமன்' உண்டு. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அது முக்கியக் காரணம். வாதம் எளியது. வண்டியின் நிஜம் விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு, நடுத்தரமான ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல வண்டிக்காரனுக்குக் கட்டாது, அவன் விலகிப்போவான். மிஞ்சுவது மோசமான வண்டிகள். விலை இன்னும் இறங்கும். கடைசியில் நல்ல வண்டியை உண்மையைச் சொல்லி விற்கிறவனை நம்பக்கூட ஆள் இருக்காது. அதாவது நான் ஏமாற்றியது முடிச்சூர்க்காரரை மட்டும் இல்லை. நாளைக்கு நேர்மையாக விற்க வரப்போகும் யாரோ ஒருவருடைய விலையிலும் கொஞ்சம் திருடியிருக்கிறேன்.

நம் ஊரில் இதைச் சொல்லப் பொருளாதாரம் தேவைப்படவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பாடும்போது, பழிக்கு அஞ்சி உண்மை பேசுகிறவர்கள், தன் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதிக்கிறவர்கள் என்கிறது. வள்ளுவரும் வணிகத்தைப் பற்றிய குறளை நடுவு நிலைமை அதிகாரத்தில்தான் வைத்தார். ஸ்கூலில் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கிய விஷயம். விற்கும்போதுதான் அது பரீட்சை என்று தெரிகிறது.

*

பதினெட்டாவது நாள் ஆர்சியில் பெயர் மாறிவிட்டது. அதுவரை தினமும் ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் உண்டு. வண்டியை விற்றிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து ஏற்பட்டால் அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஸ்கிரீனில் அவர் பெயரைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்க வேண்டியவன், அந்த ஏர்பேக் விளக்கை நினைத்தேன். சட்டப்படி இனி அந்த வண்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதில் போகிறவர்களுக்கு எது தெரியாதோ அது மட்டும் இன்னும் என்னிடமே இருந்தது. ஸ்பேர் சாவியைக் கொடுத்துவிட்டேன், இதைக் கொடுக்கவில்லை.

போன் செய்தேன். மகன் எடுத்தார். சொல்லி முடித்ததும், "இப்ப எதுக்குங்க சொல்றீங்க? பணம் வாங்கியாச்சு, பேர் மாத்தியாச்சு. உங்க மனசு லேசாகணும்னா?" என்றார். பதில் இல்லை. பாதி உண்மை அது. சும்மா சொல்வது மட்டும் என்றால், என் பாரத்தை அவர்கள் தலையில் இறக்குவதுதான். அதனால் இரண்டு வழி சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம், அல்லது வைத்துக்கொண்டால் விலையில் 60,000 குறைத்துத் தருகிறேன், ஏர்பேக் செக் செய்யும் செலவும் என்னுடையது. அக்காவிடம் கடன் கேட்பது என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

அப்பா போனை வாங்கினார்.

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு தம்பி?"

"சீட் வரைக்கும் ஐயா."

"எத்தனை நாள் நின்னுச்சு?"

"ரெண்டு நாள்."

"உடனே ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்ல ஐயா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அன்னைக்கே கேட்டனே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டியை வைத்துக்கொண்டார்கள். 60,000 கொடுத்தேன். சர்வீஸில் சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டர் பச்சை பூத்திருந்தது. மாற்றினார்கள். விபத்து நேர்ந்திருந்தால் அது வேலை செய்திருக்குமா என்று கேட்டேன். மெக்கானிக் தோளைக் குலுக்கினார்.

அந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான் இன்னும் யோசிக்கிறேன். நான் உண்மையை விலையோடு சேர்த்தே பார்த்துவந்தேன்: சொன்னால் எவ்வளவு குறையும், சொல்லாவிட்டால் எவ்வளவு மிஞ்சும். அவர் விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. டிரைவராகக் கேட்டார். இந்த வண்டியை இனி எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரு பொருளின் குறையும் அந்தப் பொருளின் ஒரு பாகம். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை விற்றால், முழு விலை வாங்கிக்கொண்டு ஸ்டெப்னி இல்லாமல் அனுப்பியதுபோலத்தான். பஞ்சர் ஆகாதவரை தெரியாது.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நாள். காலையிலேயே ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. முடிச்சூரில் இல்லை, எங்கோ மேடான ஒரு ரோட்டோரம் அந்த வெள்ளை வண்டி நின்றிருந்தது. கீழே ஒரு வரி: 'இன்னொரு தடவை தாங்காதுன்னு சொன்னீங்களே, அதான் நேத்தே ஏத்திட்டேன்.'