கட்டிவைத்த நரகம்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் எம். பேங்க்ஸின் ‘கல்ச்சர்’ விண்வெளி நாவல் வரிசை 1987இல் ‘கன்சிடர் ஃபிளீபஸ்’ நாவலோடு தொடங்கியது. 2010இல் வெளிவந்த ‘சர்ஃபேஸ் டீட்டெயில்’ அதில் எட்டாவது நாவல். நரகம் என்ற ஒன்று இருக்கத்தான் வேண்டுமா என்பது அது எழுப்பும் கேள்வி.

ஒருவரின் மனத்தைப் படியெடுத்துச் சேமித்து, இறந்தபின் மீண்டும் எழுப்பும் தொழில்நுட்பம் இந்த வரிசையின் வாசகருக்குப் பழகியதுதான். 2000இல் வந்த ‘லுக் டு விண்ட்வர்ட்’ நாவலில் செல்கிரியர் என்ற இனத்தாருக்கு, அவர்கள் மதம் சொன்ன சொர்க்கமே மெய்யாகிவிட்டிருக்கும். சொர்க்கத்தைக் கட்ட முடியுமென்றால் நரகத்தையும் கட்டலாம் அல்லவா? ‘சர்ஃபேஸ் டீட்டெயில்’ நாவலில் சில நாகரிகங்கள் கட்டியே விட்டன. பாவிகள் எனத் தீர்ப்பான மனங்கள் கணினிக்குள் ஓயாமல் வதைபடுகின்றன. நெடுநாள் வரமாகத் தெரிந்த ஒன்று சாபமாவதைக் காண்பது, தொடரை முன்பே படித்தவருக்குக் கிடைக்கும் தனி அனுபவம்.

முடிவில்லாத தண்டனையைக் கிறித்தவ இறையியலாளர் புனித அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ நூலின் 21ஆம் பகுதியில் விரிவாக ஆதரித்தார். இறைவனின் நீதி மனித அறிவுக்கு எட்டாதது என்று அங்கே சொல்ல இடமுண்டு. பேங்க்ஸின் நரகத்தில் அந்த இடம் இல்லை. அதைக் கட்டியவர்கள் உண்டு, நடத்துபவர்கள் உண்டு. எந்திரத்தை நிறுத்தினால் வதையும் நின்றுவிடும். நிறுத்தாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் யாரோ எடுக்கும் முடிவு.

நரகபயம் இல்லாவிட்டால் ஒழுக்கம் கெடும் என்கிறார் கதையில் வரும் பவுலிய இன அரசியல்வாதி ஒருவர். இந்த வாதம் வலுவற்றது. மக்களை அடக்கி வைப்பது பயம் என்றால், அதற்கு நரகத்தைப் பற்றிய கதையே போதும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எவரும் உண்மையில் துடிக்க வேண்டியதில்லை.

நாவலின் உயிர் சே என்ற பவுலியப் பெண்ணிடம் இருக்கிறது. நரகம் உண்மை என்று உலகுக்குக் காட்டத் துணைவர் பிரினோடு உள்ளே நுழைந்தவள் அவள். பிரின் தப்பிவிட, அவள் சிக்கிக்கொள்கிறாள். நம்பிக்கை முழுதும் வற்றியபின் வதை அவளிடம் தன் வேலையைச் செய்வதில்லை. ஆகவே நரகத்தார் அவளை வேறொரு வாழ்வில் விட்டு, அமைதியும் நம்பிக்கையும் துளிர்க்கச் செய்து, பிறகு திரும்ப இழுத்துக்கொள்கிறார்கள். தண்டனை திருத்துவதற்கு என்ற பேச்சு இங்கே உதிர்ந்துபோகிறது. துன்பத்தைப் பெருக்குவதே அதன் நோக்கமாகிவிடுகிறது.

நரகங்களை ஒழிக்க நடக்கும் போரில் ஒரு படைவீரர் தொடர்ந்து வருகிறார். அவர் யார் என்பதை நாவலின் கடைசிச் சொல்தான் சொல்கிறது. கொடிய பாவம் செய்த ஒருவரே நரகத்துக்கு எதிராகப் போரிட்டார் என்பது, 1990இல் வந்த ‘யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்’ படித்தவருக்கு மட்டுமே விளங்கும். அந்த நாவலை முதலில் படித்துவிட்டு இதற்கு வருவதே நல்லது.