விலைக்கு வாங்கும் அச்சம்

அச்சத்தைக் கண்டு ஓடுவது உயிர்களின் இயல்பு. மானும் ஓடுகிறது, மீனும் ஓடுகிறது, மனிதனும் ஓடுகிறான். வீட்டுக்குக் கதவு வைத்ததும், ஊருக்கு மதில் எழுப்பியதும், கடற்கரையில் கலங்கரை விளக்கம் நிறுத்தியதும் அச்சத்தை அகற்றுவதற்காகவே. ஆனால் அதே மனிதன், கதவும் மதிலும் உறுதியாக அமைந்த பின்னர், கையில் காசை எடுத்துக்கொண்டு அச்சத்தைத் தேடிப் புறப்படுகிறான். "என்னை அச்சுறுத்து, அதற்குரிய கூலியைத் தருகிறேன்" என்கிறான். இந்த விந்தையை என்னென்பது? இது ஆகுமான விளையாட்டா, அன்றி வீணா? நம் பிள்ளைகள் பலரும் விரும்பும் கேளிக்கையாக இது ஆகிவிட்டபடியால், சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நமக்குக் கடமையாகிறது.

ரோலர் கோஸ்டர் என்னும் இந்த ஊர்தியின் வரலாறு பனியில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பகுதியில் மரச் சட்டங்களால் உயர்ந்த சரிவுகள் கட்டி, அவற்றின்மீது நீரை ஊற்றி உறையவைத்து, மக்கள் சறுக்கி மகிழ்ந்தனர். 1817இல் பாரிஸ் நகரில் சக்கரம் பூட்டிய வண்டிகள் சரிவுப் பாதைகளில் ஓடின. 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த ஊர்தியில் ஏற ஐந்து சென்ட் கட்டணம். அதன் வேகமோ மணிக்கு ஏறத்தாழ ஆறு மைல்தான். இன்றும் பிரெஞ்சு மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் இதற்கு 'ரஷ்ய மலை' என்று பெயர். ரஷ்யர்களோ இதனை 'அமெரிக்க மலை' என்கின்றனர்! தன் அச்சத்துக்கு அயலான் பெயரைச் சூட்டி மகிழ்வதும் மனித இயல்புதான் போலும்.

அபூதாபியில் பணிபுரியும் உறவினர் குடும்பத்தாருடன் யாஸ் தீவிலுள்ள ஃபெராரி வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒருநாள் நாம் சென்றிருந்தோம். செந்நிறமான மாபெரும் கூரையின்கீழ் அமைந்த இப்பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. அங்குள்ள ஃபார்முலா ரோசா என்னும் ஊர்தி, திறக்கப்பட்ட அந்நாளில் உலகிலேயே விரைவானதாக இருந்தது. ஏறத்தாழ ஐந்து நொடிகளில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தை அது எட்டுகிறது. கூரையை விட்டு வெளியே பாய்ந்து 52 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. காற்றும் மணலும் கண்ணில் படாதிருக்க ஏறுவோர் அனைவருக்கும் கண்ணாடி அணிவிக்கின்றனர்.

நாம் சென்றது வாரத்தின் நடுநாள். கூட்டமே இல்லை. வரிசை நிற்போருக்கென அமைத்த கம்பித் தடுப்புகள் வெறுமையாய் நீண்டு கிடந்தன. தொப்பியைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நாமும் ஒருமுறை ஏறினோம். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒன்றரை நிமிடம் நமக்குப் பல பாடங்களை விட்டுச் சென்றது.

முதலில் மார்க்கத்தின் நிலையைத் தெளிவாக்கிக்கொள்வோம். மகிழ்ச்சி என்றாலே முகம் சுளிப்பதைச் சிலர் பேணுதல் என எண்ணுகின்றனர். அது பெருமானார் (ஸல்) அவர்களின் வழியன்று. ஹபஷி மக்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மனம் நிறையும்வரை பார்க்கும்படித் தாமே மறைத்து நின்றவர்கள் அண்ணலார். அன்னையாருடன் ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள். தங்கள் திருச்சபையில் இருக்கும்போது உள்ள மனநிலை வீட்டுக்குப் போனால் மாறிவிடுகிறதே என்று ஹன்ளலா (ரலி) அவர்கள் வருந்தியபோது, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று ஆறுதல் மொழிந்தவர்கள்.

ஆயினும் அரபு மொழி இங்கே ஒரு நுட்பமான கோட்டைக் கிழித்து வைத்திருக்கிறது. 'லஇப்' என்றால் விளையாட்டு. 'லஹ்வு' என்றால், ஒருவனுக்கு உரிய காரியத்தைவிட்டு அவனைத் திருப்பிவிடுவது. ஒரே செயல் காலையில் லஇபாக இருந்து மாலையில் லஹ்வாக மாறிவிடலாம். தொழுகை நேரம் தவறும்போது, வீட்டுச் செலவுக்கு உரிய பணம் நுழைவுச் சீட்டாகும்போது, இதய நோயாளி வீம்புக்கு ஏறும்போது அந்த மாற்றம் நிகழ்கிறது. ஊர்தி அதே ஊர்திதான். மாறுவது ஏறுபவனின் நிலையே.

இனி அச்சத்தைப் பற்றிப் பார்ப்போம். அந்த ஊர்தியில் நாம் உணர்வது மெய்யான அச்சமா? உடல் அதனை மெய் என்றே கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது; வயிறு மிதக்கிறது; கைகள் தடுப்புச் சட்டத்தை இறுகப் பற்றுகின்றன. அறிவோ, "ஒன்றும் நேராது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. உடலின் அச்சமும் அறிவின் அமைதியும் ஒரே இருக்கையில் அமர்ந்து செய்யும் பயணம் அது. அவ்வமைதி இல்லையேல் அங்கே இன்பமே இல்லை. போர் நடக்கும் ஊரில் அச்சத்தை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. 'அம்ன்' என்னும் பாதுகாப்பு கிடைத்தவன்தான் அச்சத்தை விளையாட்டாக்க முடியும். அம்ன் என்னும் அந்த வேர்ச்சொல்லிலிருந்தே 'ஈமான்' என்னும் சொல்லும் பிறந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது? ஊர்தியை வடித்த பொறியாளரை நாம் கண்டதில்லை. அவருடைய கணக்கைச் சரிபார்த்ததும் இல்லை. ஆயினும், இடுப்பின்மேல் இறங்கிய ஒரு சட்டத்தை நம்பி உயிரை ஒப்படைத்துவிடுகிறோம். கண்ணால் காணாத ஒரு மனிதரின் திறமையை இவ்வளவு எளிதில் நம்பும் நாம், நாளைய உணவைப் பற்றியும் மகளின் திருமணத்தைப் பற்றியும் இரவெல்லாம் உறங்காமல் புரள்கிறோமே! வானையும் பூமியையும் கணக்கிட்டு அமைத்தவன்மீது வைக்கும் நம்பிக்கை, இரும்புச் சட்டத்தின்மீது வைக்கும் நம்பிக்கையைவிடக் குறைந்துபோவது எங்ஙனம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தப் பொறியாளர் வெறும் நம்பிக்கையில் ஊர்தியை ஓடவிடவில்லை. தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் கீழும் மூவகைச் சக்கரங்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஆட்களை ஏற்றுமுன் ஊர்தி சோதிக்கப்படுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்களே, அந்தக் கட்டும் கயிறுதான் இது. கட்டாமல் நம்புவது தவக்குல் அன்று. கட்டிய பின்னும் நடுங்குவதும் தவக்குல் அன்று.

கூட்டமில்லாத நாள் மற்றொன்றையும் காட்டிற்று. வரிசை இல்லாததால் இளைஞர்கள் இறங்கியவுடன் மீண்டும் ஏறினர். முதன்முறை அலறினர். இரண்டாம் முறை சிரித்தனர். நான்காம் முறை இறங்கும்போது, மதிய உணவுக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டு வந்தனர். விலைக்கு வாங்கிய அச்சம் அத்தனை விரைவில் தேய்ந்துவிடுகிறது. அறிய அறியக் குறைவது அதன் இலக்கணம். 'கஷ்யத்' எனப்படும் இறையச்சமோ அறிய அறிய வளர்வது. அதனால்தான் அடியார்களில் அறிஞர்களே இறைவனை அஞ்சுவோர் என்னும் கருத்தைத் திருமறை நமக்குப் போதிக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அச்சத்தைச் சாட்டைக்கு ஒப்பிட்டார்கள். அறிவின் பக்கமும் செயலின் பக்கமும் மனிதனைச் செலுத்துவதே அதன் பணி. கேட்கும்போது கண்ணீர் வடித்து, எழுந்தவுடன் பழைய மறதிக்குத் திரும்புபவனின் அச்சத்தைக் குறையுடையது என்றார்கள். பயான் கேட்டு உருகி, வாசலில் செருப்பை மாட்டும்போதே மறந்துவிடும் நம் அச்சம் அந்த நான்காம் சுற்றைப் போன்றதுதானே? புயலில் கப்பல் தத்தளிக்கும்போது இறைவனை மட்டுமே அழைத்து, கரை சேர்ந்ததும் மாறிவிடுவோரைத் திருமறை பல இடங்களில் சுட்டிக்காட்டுவதும் இதற்காகவே.

கடைசியாக ஒன்று. நம்முடன் வந்த பிள்ளைகளில் ஒருவன், பதின்மூன்று வயதினன், "எனக்கு வேண்டாம் சாச்சா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றான். அவனுடைய சாச்சா விடவில்லை. "ஆண்பிள்ளைதானா நீ?" என்றார். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவன் முகம் சிவந்தது. ஆயினும் அவன் அசையவில்லை. அருகிலிருந்த பலகையோ, இதய நோயுள்ளவர்களும் கருவுற்றவர்களும் ஏறலாகாது என்று கனிவோடு எச்சரித்துக்கொண்டிருந்தது. அச்சத்தை விற்பவன் வாங்குபவனின் விருப்பத்தைக் கேட்கிறான். உறவினர்களாகிய நாம் கேட்பதில்லை! பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தபோது, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று எனப் பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். கயிறு அற்பமானது, விளையாட்டும் விளையாட்டுத்தான். ஆயினும் அச்சம் அவர் விரும்பி ஏற்றதன்று.

அன்று உண்மையான துணிவு யாரிடம் இருந்தது? தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் அமர்ந்து அலறியவர்களிடமா, எந்தத் தடுப்பும் இல்லாமல் ஏளனத்தின் நடுவே நின்று "வேண்டாம்" என்றவனிடமா? நாளை இவனே, வட்டிக்கும் கைக்கூலிக்கும் தீய நட்புக்கும் "வேண்டாம்" என்று சொல்லவேண்டியவன். அச்சொல்லைச் சொல்லும் நாவை இன்று விளையாட்டில் மழுங்கச் செய்துவிட்டு, அன்று அது கூர்மையாக இருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், அவர்கள் மகிழட்டும். தொழுகை நேரத்தைப் பேணுங்கள். கைப்பொருளின் அளவறிந்து செலவிடுங்கள். ஏற விரும்புபவன் ஏறட்டும். விரும்பாதவன் தலைகுனியாமல் கீழே நிற்கட்டும். இவ்வுலகில் தன்னை அஞ்சிய அடியானுக்கு மறுமையில் அச்சமின்மையையும், இங்கே அச்சமற்றுத் திரிந்தவனுக்கு அங்கே அச்சத்தையும் தருவதாக இறைவன் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கும் அச்சம் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். காசின்றிக் கிடைக்கும் அந்த அச்சத்தையும் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைத்து வைப்போமாக.