கடல் கடக்கும் கல்விமான்களைத் தடுத்தல் தகுமோ?

சென்ற தைப்பொங்கலன்று வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தனர். வைத்தியராய்ச் சில ஆண்டு அரசினர் ஆசுபத்திரியிற் கடமையாற்றியவர். இங்கிலாந்து செல்ல விடைபெற வந்தவர். "ஐயா, நான் போவது பிழையோ?" என வினவினர். உடனே விடைகூற எம்மால் இயலவில்லை. ஆசிரியராகிய நம்மனோர் பலருக்கும் இவ்வினா எதிர்ப்படுமாதலின், பின்னர் எண்ணியவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

அவர் கற்றது பிறர் பொருளாலன்றோ? 1945-இல் இலவசக் கல்வி வந்த நாள்தொட்டு, கடையிற் சீனி வாங்கும் ஏழையின் வரிப்பணமும் அக்கல்விக்குச் செலவாகின்றது. இக்கடன் கருதியே 1961-இற் பிறந்த கட்டாய அரசசேவைச் சட்டம், பட்டம் பெற்றோரை ஐந்தாண்டுவரை அரசுக்கு ஊழியஞ் செய்யப் பணித்தது. அந்நியச் செலாவணி வறண்ட 2022-இலோ, அரசு தன் உத்தியோகத்தருக்கே சம்பளமற்ற ஐந்தாண்டு லீவு கொடுத்துப் பிறநாடு செல்ல இடங்கொடுத்தது. ஒரு கையாற் பற்றி மறுகையால் விடுத்தல் இதுவாகும்.

செலவு நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து யாழ்ப்பாணத்தார் மலாய் நாட்டுப் புகைவண்டிப் பகுதியிலும் அரசினர் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். அவர் அனுப்பிய பொருளால் வீடுகளும் கோயிற்றிருப்பணிகளும் பாடசாலைகளும் எழுந்தன. ஆயின் எழுதுவினைஞர் நீங்கிய ஊரிற் கடிதம் தாமதிக்கும். வைத்தியர் நீங்கிய ஊரில் நோய் தாமதியாது.

யாம் மிசன் பாடசாலையிற் கற்றோம். பாதிரிமார் சமயம் எமக்கு உடன்பாடன்று. எனினும் மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த கிறீன் வைத்தியரை மறத்தலாகாது. ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி ஊர்விட்டகலக் கண்டு, அவர் தமிழிலே கற்பித்தனர். வைத்திய நூல்களையுந் தமிழாக்கினர். தமிழிற் கற்றோர் தம்மூரிலே தங்குவர் என்பது அவர் கருத்து. தமிழுக்கு அஃது பேருபகாரமே. ஆயின் வாயிலைச் சிறிதாக்கி ஒருவனை மனையில் இருத்துதலும் ஒருவகைத் தளையன்றோ?

இனி, 1983 ஆடியில் இக்கொழும்பிலே வீடெரியக் கண்டு நாடு நீங்கிய வைத்தியரையும் எந்திரவியலாரையும், "கடன் தீர்த்துச் செல்க" எனத் தடுக்க எவர்க்கு வாயுண்டு? குடிகளைக் காத்தல் அரசின் கடன். தன் கடனை இறாதது பிறர் கடனைக் கேட்டல் வழக்கன்று. ஆயினும் கடன் கொடுத்தார் அரசினர் மாத்திரமல்லர். வாட்டில் வரிசையிற் காத்திருக்கும் நோயாளரும் கொடுத்தாரே. அரசு பிழைத்தமையால் அவர் கடன் தீர்ந்துவிடுமோ?

ஆதலின், கல்லூரியிற் சேருமுன்னரே இத்துணையாண்டு ஊழியம், இன்றேல் இத்துணைப் பணம் என வெளிப்படக் கூறி உடன்படிக்கை கொள்ளுதல் நியாயம். கற்று முடிந்தபின் கடவுச்சீட்டைப் பிடித்துவைத்தல் அநியாயம். தன்னாட்டை நீங்கும் உரிமையை 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் எவர்க்கும் வழங்கியது. தான் செலவிட்டுப் பயிற்றாதவரை அழைத்துக்கொள்ளும் செல்வநாட்டுக்கும் பங்குண்டு. 2010-இல் உலக சுகாதாரத் தாபனம் அதற்கொரு நெறிமுறை வகுத்தது, ஆயினும் அஃது எவரையும் கட்டுவதன்று.

இவற்றை அம்மாணவருக்கு எழுதினோம். ஆண்டுதோறும் ஒரு மாதம் வந்து, தாம் முன்பிருந்த ஆசுபத்திரியில் ஊதியமின்றி மருத்துவஞ் செய்வதாக விடையெழுதினர். அவர் விட்ட இடத்துக்கு இன்னும் ஒருவரும் வந்திலர்.