போதகருக்கு உரைகல்

போதகரைப் பணிந்து ஏற்பதா, உரசிப் பார்த்து ஏற்பதா? தொடக்கக் காலக் கிறித்தவ ஏடுகளிலேயே இரு விடைகளையும் காண்கிறோம்.

1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்துப் படியாகக் கண்டெடுக்கப்பட்டு, 1883-ல் அச்சேறியது 'திதாக்கே' என்னும் சிற்றேடு. ஊர் தேடி வரும் தூதர் 3 நாள் தங்கினால் பொய்யர். தமக்கெனப் பணம் கேட்டாலும் பொய்யர். போதித்தபடி நடவாத தீர்க்கதரிசியும் பொய்யரே என்கிறது அது! தீர்ப்பளிப்போர் யார்? பீடத்தில் அமர்ந்தோர் அல்லர். வந்தவருக்குச் சோறிட்ட எளியோர்!

2-ஆம் நூற்றாண்டில், காவலர் சூழ ரோமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அந்தியோகியா இக்னேஷியசோ, ஆயரின்றி எதுவும் செய்யாதீர் என மடல் தீட்டினார். பிளவுக்கு அஞ்சினார்; சாவுக்கு அஞ்சினாரில்லை. அந்த நெஞ்சுரத்தை மதிக்கிறோம். ஆயினும் கேட்கிறோம்: ஒற்றுமைக்காக உரைகல்லையே ஆயரிடம் ஒப்படைத்துவிட்டால், அவரே தவறும் நாளில் எதைக்கொண்டு உரசுவது?

பொன் உரைகல்லுக்கு அஞ்சுவதில்லை, பித்தளைதான் அஞ்சும்!