ஈரத்தில் இறுகும் பலகை

1960களின் தொடக்கத்தில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய இளைஞர் பம்பாயில் இருந்தார். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரி. நண்பர்களோடு கூட்டாக ஒரு பாய்மரப் படகு கட்ட ஆசைப்பட்டு, இங்கிலாந்திலிருந்து வரைபடம் தருவித்தார். வந்து சேர்ந்தது அவர்கள் விரும்பிய புதுமாதிரி அல்ல. 1920களில் அமெரிக்கர் வில்லியம் ஆட்கின் வரைந்த ‘எரிக்’ என்னும் பழைய வடிவம். திருப்பி அனுப்பிக் காத்திருக்க அவகாசம் இல்லை. அதையே கட்டினார்கள். இந்தியத் தச்சர்கள் வாய்ச்சியாலும் கைத்துரப்பணத்தாலும் தேக்கில் உருவாக்கிய அந்த 32 அடிப் படகுக்கு ‘சுஹைலி’ என்று பெயர் வைத்து 1964இல் கடலில் இறக்கினார்கள்.

அந்தப் பழைய வடிவத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. நார்வேயின் குளிர்காலக் கடலில் மீனவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைக் காப்பதற்கென்றே படகு வரைந்தவர் காலின் ஆர்ச்சர். 1893இல் வந்த முதல் மீட்புப் படகு அவர் பெயரையே தாங்கியது. மற்றவர்கள் கரைக்கு ஓடும் வேளையில் கடலில் நின்றாக வேண்டிய படகு அது. ஆகவே பின்னணியமும் முன்னணியம் போலவே கூர்மை. துரத்திவரும் அலை அதில் மோதாமல் இரண்டாகப் பிரிந்து போகும். அடியில் நீண்ட, கனத்த ஏரா. பிடித்த திசையை எளிதில் விடாது. வேகத்தை விட்டுக்கொடுத்துப் பெற்ற குணங்கள் இவை. ஆட்கின் அதைச் சுருக்கி, ஓரிருவர் கையாளக்கூடிய பயணப் படகாக மாற்றினார். மிக மோசமான ஒரு நாளை மனத்தில் வைத்து ஒருவர் வரைந்தது, எங்கோ ஒரு துறைமுகத்தில், அவரை அறியாத ஒருவருக்குக் கிடைக்கிறது. கைத்தொழிலின் பெருந்தன்மை என்று இதைத்தான் நான் நினைக்கிறேன்.

1968இல் தனி ஆளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியை ‘சண்டே டைம்ஸ்’ இதழ் அறிவிக்கும் முன்பே, அத்தகைய பயணத்துக்கென ராபின் ஒரு புதிய எஃகுப் படகை நாடியிருந்தார். பணம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. இருந்த சுஹைலியோடு ஜூன் 14 அன்று ஃபால்மத் துறையிலிருந்து கிளம்பினார். சில வாரங்களிலேயே அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நடுக்கடலில் மூச்சடக்கி மூழ்கி மூழ்கி, இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்தார். மேலே கேன்வாஸ் துணிப் பட்டையும் செப்புத் தகடும் வைத்து ஆணி அறைந்தார். இடையில் வட்டமிட்ட ஒரு சுறாவைச் சுட வேண்டியிருந்தது. நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே ஓர் அலை படகைக் கவிழ்த்துப் போட்டது. அறையின் கூரை அசைந்துவிட்டது. பிறகு தானியங்கிச் சுக்கானும் உடைந்தது. பாய்களின் இழுப்பைச் சரிக்கட்டி விட்டால் போதும், அந்த நீண்ட ஏரா படகைத் தன் வழியில் வைத்துக்கொண்டது. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று அவர் திரும்பினார். புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ நான்கு கடல் மைல்தான்.

கூட்டாளிகளின் பங்குகளை ராபின் முன்பே வாங்கியிருந்தார். அதற்குப்பின் படகு கைமாறவே இல்லை. ஆனால் காகிதத்தில் உள்ள பெயரை வைத்து மட்டும் அதை அவருடையது என்று சொல்ல எனக்கு மனமில்லை. 1997இல் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் சுஹைலி போய் நின்றது. வெயில், மழை, உப்பு எதுவும் அணுகாத இடம். ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கட்டடத்தின் உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் திறக்கத் தொடங்கின. தென்கடலின் அலைகள் பிரிக்க முடியாததைப் பாதுகாப்பு பிரித்துக்கொண்டிருந்தது. மரப்படகு தண்ணீரைக் குடித்து ஊதி, பலகையோடு பலகை நெருக்கித்தான் தன்னை மூடிக்கொள்கிறது. அதற்குக் கேடு செய்யும் நீரேதான் அதைக் கட்டியும் வைத்திருக்கிறது. கெடாமல் வைப்பதும் உயிரோடு வைப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு பொருளை நான் அறியேன். நாம் நேசிப்பவற்றை உழைப்பிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, காப்பாற்றியதாக நம்பிக்கொள்கிறோம். அவை உள்ளுக்குள் காய்கின்றன.

2002இல் ராபின் படகை வெளியே எடுத்தார். அறுபதும் எழுபதும் தாண்டிய வயதில் துருவேறிய இரும்பு ஆணிகளையும் போல்ட்டுகளையும் மாற்றும் வேலையில் தானே இறங்கினார். அன்று சுறாவுக்கு அஞ்சாமல் பஞ்சு திணித்த அதே கைகள். அவை தொடும்வரைதான் படகு அவருடையது.

2018 ஜூனில், போட்டி தொடங்கிய ஐம்பதாம் ஆண்டுக்கு, சுஹைலி மறுபடி ஃபால்மத்தில் பாய் விரித்தது. அங்கே பெர்னார் முவாட்டெசியேயின் ‘ஜோஷுவா’வும் வந்திருந்தது. அதே போட்டியில் அவர் வெற்றியைத் துறந்து தாஹிதிக்குத் திருப்பிய எஃகுப் படகு. 1982இல் மெக்சிகோக் கரையில் புயலில் ஒதுங்கிச் சிதைந்து, பிறர் கைகளுக்குப் போய்ப் பிழைத்தது. 1990 முதல் லா ரோஷெல் நகரின் கடல்சார் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அவர்கள் அதைத் தண்ணீரிலேயே வைத்து, ஆட்களை ஏற்றிக் கடலுக்கு ஓட்டிச் செல்கிறார்கள்.