இனத்தின் நலனும் தண்டனை பெற்ற தோழனும்

ஓர் இனம் நெருக்கடியில் இருக்கும் காலத்தில், அவ்வினத்துக்கு அரணாக நிற்கும் ஒருவர் நம் கண்முன்னே இன்னொருவனுக்குக் கொடுமை இழைத்தால் நாம் வாய்மூடி இருக்கலாமா? இந்தக் கேள்வியை ஒரு பள்ளி மாணவனின் தலையில் சுமத்துகிறது, ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த ‘ஃபன்னி போய்’ என்னும் நாவல். கொழும்பில் வசதியாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான அர்ஜி, 1983 ஜூலைக் கலவரத்தை நோக்கி வளர்ந்து செல்லும் கதை இது. பணக்கார வீட்டுக் கதை என்றும், ஆண்பிள்ளை இன்னோர் ஆண்பிள்ளையை நேசிக்கும் கதை என்றும் இதை ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு. ஒதுக்குவது எளிது, நாவல் எழுப்பும் கேள்விக்கு விடை கூறுவதோ எளிதன்று.

அர்ஜியின் தந்தை ஹோட்டல் முதலாளி. நாளைய நாடு எம்மொழியில் நடக்கும் எனக் கணக்கிட்டு மகனைச் சிங்கள மொழி வகுப்பிற் சேர்த்தவர். மகன் போய்ச் சேரும் விக்டோரியா அக்கடமியில் அதிகாரப் போட்டி நடக்கிறது. மாணவர் ‘கறுப்பு டை’ என்று பட்டம் சூட்டிய அதிபர் ஆங்கிலேயர் காலத்து மனிதர். பிரம்பே அவரது கல்வித் தத்துவம். உப அதிபர் லொக்குபண்டாரவோ பள்ளியைச் சிங்கள பௌத்தக் கல்லூரியாக்க முயல்பவர். பரிசளிப்பு விழாவில், அமைச்சர் முன்னிலையில், ஹென்றி நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞரின் இரு பாடல்களை அர்ஜி ஒப்புவிக்க வேண்டும். அதிபரின் உரையே அப்பாடல்களின் மேல் எழுப்பப்பட்டது. அந்த அதிபர்தான் அர்ஜியின் உயிர்த்தோழன் ஷெஹானின் முடியைக் கத்தரித்து அவமதிக்கிறார். வெயிலில் முழந்தாளிட வைக்கிறார். ஷெஹான் சிங்களவன்.

சுந்தரலிங்கம் என்ற தமிழாசான் அர்ஜியிடம் நயமாக எடுத்துரைக்கிறார்: அதிபர் வீழ்ந்தால் தமிழ் மாணவர் கதி என்ன? இவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் அஞ்சுவது மெய்யான ஆபத்தைக் கண்டுதான். 1958 கலவரத்தில் தகப்பனைப் பறிகொடுத்த பாட்டி, மகள் ராதா அனில் என்ற சிங்கள இளைஞனுடன் பழகுவதைத் தடுப்பதும் அதே அச்சத்தினால்தான். ஆனால் மேடையேறிய அர்ஜி, பாடல்களை வேண்டுமென்றே குழப்பி உளறுகிறான். அதிபரின் உரை நகைப்புக்கிடமாகிறது.

அவன் செய்தது சரியா? கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் இருந்து பார்ப்போருக்கு இக்கேள்வி வேறு முகம் காட்டுகிறது. இம்மக்களும் ஒருமுறை முழந்தாளிட வைக்கப்பட்டவர்களே. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அதே 1948இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சரவையிற் சேர்ந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், வாழைச்சேனைக் காகித ஆலையும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. தமிழருக்கு நன்மை கிட்டியது என்று கூறலாம், கூறினார்கள். அது சுந்தரலிங்கத்தின் நியாயமேயன்றி வேறென்ன? அதை ஏற்காத செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். பின்னர் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்கேட்டில் பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. எந்த லயத்துக்குச் சென்று யாரைக் கேட்டார்கள்?

ஆகவே, இனத்தின் நலன் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த நலனுக்காக யாருடைய முழங்கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அர்ஜி அதைத்தான் பார்த்தான். தண்டனை பெற்றவன் சிங்களவன் என்பது அவன் கண்ணை மறைக்கவில்லை. அவன் பக்கமே நியாயம் என்பது என் துணிபு.

ஆனால் நாவலிடம் ஒரு குறை சொல்லவேண்டும். அர்ஜியின் செயலுக்கு விலை கொடுத்தவர் யார்? அப்பள்ளியின் ஏனைய தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறுநாள் என்ன நேர்ந்தது என்பதை ஆசிரியர் விரிக்கவில்லை. கலவரம் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்குக் கனடா இல்லை. அருகில் தமிழில் உயர்வகுப்பு இல்லாமையால் சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் அவனுக்கு, அர்ஜியின் தந்தை போட்ட கணக்கும் இல்லை. வேறு வழியில்லை என்பதே கணக்கு. விடியுமுன் பால்வெட்டக் கத்தியோடு கிளம்பும் தாய், மழை பெய்தால் அன்றைய கூலியை இழப்பவள், அவன் படிப்பை நம்பி இருக்கிறாள்.

அத்தகைய பிள்ளை ஒருவன் மேடையில் நிற்கும் நாவல் எழுதப்படுமாயின், ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் வரவேண்டியதில்லை. அந்தத் தாயே சொல்லுவாள். அவளுக்கு அவன் என்ன பதில் சொல்லுவான்?